பத்துக்குப் பூஜ்யம் வாங்கியது யார்

நீகாதா, டிசம்பர் 3

மதிப்பிற்குரிய அக்கா ஃபுமியே அவர்களுக்கு,

தம்பி தெத்சுஜி வணங்கி எழுதுவது. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அனுப்பிய ஆப்பிள் பெட்டி கிடைத்தது. பாதிக்கு மேல் தீர்ந்தும் விட்டது.

புத்தாண்டுக்குத் தாங்கள் வரும்போது ஊரார் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நானே எழுதிவிடுகிறேன். போன மாதம் சயோகோ பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்த வாரத்தில், சினாட்சுவுக்குப் பின்னக் கழித்தல் பரீட்சை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆறில் ஐந்து பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கைக் கழிக்கணும். மேலே அஞ்சுல ஒண்ணு போனா நாலு, கீழே ஆறுல நாலு போனா ரெண்டு, நாலை ரெண்டால வகுத்தா ரெண்டு, முடிஞ்சது கணக்கு என்றேன். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு, "அப்பா, ஒரு முழுசுகூட இல்லாததுல இருந்து கொஞ்சம் எடுத்தா எப்படிப்பா ரெண்டு முழுசு மிஞ்சும்?" என்று கேட்டாள். இருபது வருஷமா சலூன் நடத்தறவனுக்குக் கணக்குத் தெரியாதா, எதிர்த்துப் பேசாதே என்று வாயை அடைத்துவிட்டேன். மூணு நாள் பழக்கினேன். பத்துக் கேள்வி, பத்தும் தப்பு, பூஜ்யம்.

அதோடு விட்டேனா? பெற்றோர் வகுப்பைப் பார்க்க வரும் நாளில், கோட்டுப் பையில் விடைத்தாளோடு போய், எல்லாரும் இருக்கும்போதே எழுந்து, சரியான விடைக்கு எப்படிப் பூஜ்யம் போடலாம் என்று ஒகாதா டீச்சரைக் கேட்டேன். வயதில் சின்னவளான அந்த டீச்சர் கோபப்படவில்லை. பலகையில் ஒரு நீளக் கேக்கை வரைந்து பன்னிரண்டு துண்டாக்கினாள். ஆறில் ஐந்து என்றால் பத்துத் துண்டு. நாலில் ஒன்று என்றால் மூணு துண்டு. மூணை அழித்தாள். ஏழு மிஞ்சியது, பன்னிரண்டில் ஏழு. அந்த மூணாவது துண்டை அவள் அழிக்கும்போதே எனக்குக் காது சுட ஆரம்பித்துவிட்டது, அக்கா. பிறகு சினாட்சுவிடம், இப்படிச் செய்ய யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். குழந்தை என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் இல்ல டீச்சர். நானாத்தான் பண்ணினேன்" என்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டில் கவனிக்கச் சொல்கிறேன் என்று டீச்சரிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சினாட்சுவைப் பார்த்து, இனிமே ஒழுங்கா படி என்றேன். அதை எழுதவே கை கூசுது. திரும்பும் வழியில் அவள்தான் என்னைத் தேற்றினாள். "பரவாயில்லப்பா. அவங்க எல்லாரும் நம்ம கடையிலதானே முடி வெட்டிக்கறாங்க" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் உண்மையைச் சொல்லத் தைரியமும் இல்லை. சயோகோவுக்குக்கூடத் தெரியாது. நீயும் யாரிடமும் மூச்சு விடாதே. படித்ததும் இதை எரித்துவிடு.

அத்தான் உடம்பையும் தங்கள் உடம்பையும் குளிரில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசி எனக்கு இப்போது கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
குவாபாரா தெத்சுஜி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போனவன் தபாலாபீஸைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டேன். டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு முதலிலேயே தெரியுமாம். "தானா தப்பு பண்ற பிள்ளை பத்துக் கணக்குல பத்து விதமா பண்ணும், குவாபாரா சார். இவ பத்தையும் ஒரே மாதிரி பண்ணியிருந்தா. யாரோ ரொம்பப் பொறுமையா சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றாள். திரும்பி வந்து, விடைத்தாளைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி, 'இது சினாட்சுவின் தப்பு அல்ல, இப்படிச் சொல்லிக் கொடுத்தவன் நான்' என்று கீழே எழுதி வைத்துவிட்டேன். சினாட்சு வந்து பார்த்துவிட்டு என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடிதத்தை எரிக்க வேண்டாம். யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு. இன்றைக்கு முடி வெட்டிக்கொள்ள மூன்று அப்பாக்கள் வந்தார்கள். அதில் ரெண்டு பேர் விடைத்தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதுல என்ன தப்பு என்று மெதுவாகக் கேட்டார்கள்.