பெண் பார்க்கப் போய் நாற்றங்காலை வெளுத்த கதை

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தவனிடம் கொஞ்ச நாளைக்கு யாரும் மாட்டக் கூடாது. தையல் கற்றவள் வீட்டில் ஒரு பழைய புடவை தப்பாது. ஊசி போடக் கற்றவன் தெருவில் யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது. நான் கற்றுக்கொண்டு வந்தது ரசாயனத் தீயை அணைக்க. என்னிடம் மாட்டியவர்கள், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தார்.

அப்போது தீயணைப்புத் துறையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. மன்னார்குடிப் பக்கம் ஒரு நிலையத்தில் வேலை. எங்கள் ஊர்ப்பக்கத்துத் தீயணைப்பு வீரன் கண்ணாடிக் கட்டடத்தில் ஏணி போட்டு ஏறுவான் என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் வைக்கோல் போர் எரியும், கூரை எரியும். மற்ற நாளெல்லாம் கிணற்றில் விழுந்த மாடும் பீரோவுக்கு அடியில் புகுந்த பாம்பும்தான். (பாம்பு பிடிப்பதில் என் பங்கு டார்ச் அடிப்பது. அதையும் வாசற்படிக்கு வெளியே நின்று செய்வேன்.) இப்படி இருந்தவனைப் பிடித்து, ஆபத்தான ரசாயனங்களை எப்படிச் சமாளிப்பது என்ற பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கேதான் ஆக்சிஜனேற்றிகள் என்ற கூட்டத்தை அறிமுகம் செய்தார்கள். சாதாரணத் தீயை மூச்சுத் திணற வைத்தே கொன்றுவிடலாம். மண்ணைக் கொட்டினால், ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் அடங்கிவிடும். இந்தக் கூட்டம் அப்படியில்லை. எரியத் தேவையான ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்திருக்கும். கட்டுச்சோறோடு கல்யாணத்துக்கு வந்தவனைப் பந்தியில் உட்காரவிடாமல் தடுத்து என்ன பயன்? சாக்கைப் போட்டால் சாக்கும் சேர்ந்து எரியும். காற்றுக்கு முதுகைக் காட்டி, தள்ளி நின்றுகொண்டு, தண்ணீரை வெள்ளமாக விடுவதுதான் வழி. அப்படி ஓடுகிற தண்ணீர் நஞ்சோடு ஓடும், ஆகவே அது எங்கே போகிறது என்று முதலில் பார்த்து மறித்துவிட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கடைசிப் பாடத்தைச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் நடத்தினார்கள். சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தவன் ஒரு முடிவோடு வந்தேன். இனி இந்தத் தாலுகாவில் எங்கே ரசாயனம் பற்றினாலும் நான்தான் முன்னால் நிற்பேன் என்பது அந்த முடிவு. ஒன்றும் பற்றவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்தேன், மாடுகள்தான் கிணற்றில் விழுந்தன. அந்த ஏமாற்றத்தில் இருந்தபோதுதான் பூங்கொடி வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம்.

காரில் போகும்போதே அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அங்க வந்து வேலையப் பத்தி வாயத் தொறக்காத. கேட்டா மட்டும் பதில் சொல்லு. உன் சிலிண்டர் கதைய ஆரம்பிச்சன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

போன தடவை பார்க்கப் போன பெண் வீட்டில் கேஸ் டியூபின் தேதியைப் பார்த்துவிட்டு, இது காலாவதி என்று சொல்லியிருந்தேன். அந்தச் சம்பந்தமும் காலாவதியாகிவிட்டது. அதனால் அம்மாவுக்கு இது கடைசி முயற்சி மாதிரி. எனக்கும் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து, இந்தத் தடவை எதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்ற வைராக்கியம் இருந்தது.

நல்ல வீடு. பளிச்சென்று இருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நம் வீடுகளில் சாமான்களை அடுக்க மாட்டோம், ஒளித்துவைப்போம். கூடத்தில் கிடந்த பழந்துணி, உடைந்த நாற்காலி, எண்ணெய் டப்பா, சாக்கு எல்லாவற்றையும் கொல்லைப்புறத்து மோட்டார் கொட்டகைக்குள் திணித்திருந்தார்கள். பூங்கொடியின் அப்பாவுக்கு நிலத்தோடு கடலோரத்து இறால் பண்ணை ஒன்றிலும் பங்கு இருந்தது. குளத்தைச் சுத்தம் செய்ய வாங்கிய குளோரின் பவுடர் டிரம்மும் அதே கொட்டகையில்தான். அன்று காலை தரை கழுவ அதிலிருந்து அள்ளியவர்கள் மூடியைச் சரியாக மூடவில்லை. மேலே இருந்த பலகையில் டிராக்டருக்கு ஊற்றும் பிரேக் ஆயில் டப்பாவை யாரோ சொருகியிருந்தார்கள், அது சாய்ந்து டிரம்முக்குள் ஒழுகியிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

கேசரித் தட்டு கைக்கு வந்தபோது மூக்கில் ஏறியது அந்த நெடி. நான் முகர்ந்தேன். அம்மா முழங்கையால் இடித்தாள். மறுபடி முகர்ந்தேன். பெண்ணின் அப்பா, கேசரியில் ஏதாவது குறையா என்ற கவலையோடு என்னையே பார்த்தார். அப்போது பூங்கொடி காபியோடு வந்து நின்றாள். பெண்ணிடம் ஏதாவது கேளுங்கள் தம்பி என்றார்கள்.

நான் கேட்டேன்: "வீட்டுல குளோரின் எங்க வச்சிருக்கீங்க?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பூங்கொடி மட்டும் சாதாரணமாக, மோட்டார் கொட்டகையில் என்று பதில் சொன்னாள். சொல்லி முடிக்கவும், கொல்லையிலிருந்து புகை புகை என்று குரல் வரவும் சரியாக இருந்தது.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். கொட்டகைக் கதவு வழியாக வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது, உள்ளே டிரம்மிலிருந்து மஞ்சளாகத் தீ சீறியது. எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்த என் தாய்மாமா ஈரச் சாக்கைத் தூக்கி அதன்மேல் வீசினார். ஊரில் எத்தனையோ கூரையை அப்படி அணைத்தவர் அவர். சாக்கு சற்று நேரம் யோசித்துவிட்டுத் தானும் எரிய ஆரம்பித்தது. மாமாவைச் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். மண் வேண்டாம், சாக்கு வேண்டாம், எல்லோரும் மேற்கே போங்கள், காற்று அங்கிருந்துதான் வருகிறது என்று கத்தினேன். நிலையத்துக்குப் போன் போடச் சொன்னேன். கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்க வைத்தேன். பயிற்சியில் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன்.

கரண்ட் போனதும் போர்வெல் மோட்டாரும் போயிற்று. தண்ணீருக்கு என்ன செய்வது? பெரிய வாய்க்கால் கரையில் டீசல் இன்ஜின் ஒன்று நின்றது, அதிலிருந்து நீளமாக ஓஸ் கிடந்தது. மாமா கைப்பிடியைச் சுற்றினார், இருமியது. நான் சுற்றினேன், அதுவுமில்லை. பூங்கொடி வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே சுற்று. இன்ஜின் படபடவென்று பிடித்துக்கொண்டது. ஓஸைத் தோளில் தூக்கிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டித் தள்ளி நின்று, கொட்டகைக்குள் தண்ணீரைப் பீய்ச்சினேன். டிரம் உறுமியது, புகை இன்னும் பொங்கியது, எனக்குக் கண் எரிந்தது. விடவில்லை. காவிரியே வற்றினாலும் விடுவதில்லை என்று நின்றேன். கடைசியில் தீ அடங்கியது. அதற்குப் பிறகும் டிரம் குளிரும்வரை விட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தபோது நான் தொப்பலாக நனைந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா முகத்தில்கூடப் பெருமை. சம்பந்தம் முடிந்தது, பத்திரிகை அடிக்க வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் நிலைய அலுவலர் இறங்கி வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்தார். பிறகு தரையைப் பார்த்தார். தரை காய்ந்துகொண்டிருந்தது.

"இவ்வளவு தண்ணி விட்டிருக்கியே, எல்லாம் எங்கய்யா போச்சு?"

காட்டுவதற்குக் கையை நீட்டினேன். விரல் கொட்டகை வாசலில் ஆரம்பித்து, அங்கிருந்து கிளம்பிய சின்ன வாய்க்காலோடு போய், தென்னைமரம் தாண்டி, திறந்திருந்த ஒரு மடையில் போய் நின்றது. மடைக்கு அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று நாற்றங்கால். போர் தண்ணீர் நாற்றங்காலுக்குப் போகவென்றே வெட்டிய வாய்க்கால் அது. நான் விட்ட வெள்ளம் ஒரு சொட்டு வீணாகாமல் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து மடையும் வரப்பும் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு மண்வெட்டி மண் போட்டிருந்தால் போதும்.

அது பூங்கொடியின் நாற்றங்கால். தூயமல்லி நெல். வீட்டில் எல்லோரும் வேண்டாமென்றபோதும் பிடிவாதமாகச் சீர்காழிப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் விதை வாங்கி வந்து, இந்தச் சம்பாவுக்கு அவள் பங்காக விட்ட வயலில் நடுவதற்காக வளர்த்தது. நடவுக்குச் சில நாள்தான் பாக்கி.

தண்ணீர் வெளியேறும் வடிமடையைத் திறந்துவிட்டால் கொஞ்சமாவது பிழைக்கும் என்று அவள் அப்பா ஓடினார். பூங்கொடி அவரைத் தடுத்தாள். "வேணாம்ப்பா. தொறந்தா பக்கத்து வயலுக்குப் போவும். அங்கேருந்து மாடு குடிக்கிற குட்டைக்குப் போவும்."

மண்வெட்டியை வாங்கி, வடிமடையை அவளே மண் போட்டு அடைத்தாள். புதுப் புடவை முழங்கால்வரை சேறு. அழவில்லை. அடைத்த இடத்தைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே, கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்தேன். அதே நேரத்தில் இவள் என்னைக் கட்டுவதற்கு ஒரு காரணமும் இல்லை என்பதும் விளங்கியது.

அடுத்த நாள் நாற்று வெளுத்துவிட்டதாகத் தரகர் போனில் சொன்னார். வேட்டியை வெளுத்த மாதிரி இருக்கிறதாம். பெண் வீட்டில் யோசித்துச் சொல்கிறார்களாம். (தரகர் மொழியில் இதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.) அம்மா, தூயமல்லி என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

நான் லீவு போட்டுவிட்டுச் சீர்காழிக்குப் பஸ் ஏறினேன். அந்த விவசாயியைத் தேடிப் பிடிக்கவே பொழுது போய்விட்டது. அவரிடம் அதே நெல்லின் நாற்று மிச்சம் இருந்தது, ஆனால் வேறு ஒருவருக்குச் சொல்லி வைத்திருந்தார். நடந்ததை முழுசாகச் சொன்னேன். கேசரியில் ஆரம்பித்து ஒன்றும் விடாமல் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பறித்துக்கொள் என்றார். மறுநாள் விடியற்காலை அவர் ஆட்களோடு நானும் இறங்கிப் பறித்தேன். கட்டுக் கட்டான நாற்று முடிகளை ஈரச் சாக்கில் சுற்றி (ஈரச் சாக்குக்கு உருப்படியான வேலை இதுதான்) ஒரு லோடு வண்டியில் ஏற்றி, மேலே நானும் உட்கார்ந்துகொண்டேன்.

பதில் வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை தானாகப் பெண் வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தலையில் சேற்றோடு நாற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து போவது எந்தப் பக்கத்திலும் வழக்கமில்லை. வாசலில் வண்டி நின்றதும் அவள் அப்பா வெளியே வந்தார், துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த பூங்கொடி என்னைப் பார்க்கவேயில்லை. ஒரு முடியை எடுத்துப் பிரித்து, வேரைத் தடவிப் பார்த்தாள்.

"இது எப்ப பறிச்சது?"

இன்று விடியற்காலை என்றேன்.

"அப்ப நாளைக்கே நட்டுடணும். நீங்களும் எறங்குறீங்க."

இறங்கினேன். என் வரிசை மட்டும் பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. நடவுக்கு வந்த பெண்கள் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அந்த நெல் அறுத்த பிறகு, தை மாதத்தில் எங்கள் கல்யாணம். பந்தியில் தூயமல்லிச் சோறு போட்டார்கள்.

இன்றுவரை நான் மாமனார் வீட்டுக்குப் போனால், தெருமுனையில் என் பைக் சத்தம் கேட்டதுமே யாராவது உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்கள்: "மாப்பிள்ளை வர்றார், மடையைச் சாத்துங்க." நான் கை கழுவப் போனால்கூட ஒரு மச்சான் மண்வெட்டியோடு பின்னால் வருவான். என் மகள் பேசக் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம் அதுதான் என்று மாமியார் சொல்கிறார், நான் நம்புவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் கும்பகோணம் சாலையில் ரசாயன மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கவிழ்ந்து புகைந்தது. இறங்கியதும் ஓஸைத் தொடாமல், பக்கத்து வாய்க்காலின் மடையைத் தேடி ஓடினேன். மண் மூட்டை போட்டு அடைத்த பிறகுதான் தண்ணீரைத் திறக்கச் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். டிவியில் பார்த்திருக்கிறாள் போலும், முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். நான் நல்லாத்தான் இருக்கேன் பூங்கொடி என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "மடையைச் சாத்தினீங்களா?"