குடித்துவிட்ட காபி

அன்புள்ள மருமகன் ராகானுக்கு,

இறையருளால் இங்கே ஸல்ட் நகரில் நாங்கள் நலம். நீயும் என் தங்கையும் நலமாயிருக்கவும், உங்கள் வீட்டுக் காபிப் பானை ஆறாதிருக்கவும் வேண்டுகிறேன். காபியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பெண் கேட்கப் போன அன்று என் காரை வாங்கிப்போனாய் அல்லவா? மறுநாள் என் கைபேசிக்குச் செய்தி வந்தது: சாக்கடல் சாலை, வேகக் கேமரா, மணிக்கு நூற்று முப்பத்தொரு கிலோமீட்டர். வண்டி யார் பெயரிலோ அவருக்குத்தான் அபராதம். உனக்கு எதுவும் தெரிந்திருக்காது. கட்டிவிட்டேன், அது பெரிதல்ல. நான் அறுபதைத் தாண்டாதவன். தக்காளி லாரிகள்கூட ஹார்ன் அடித்து என்னை முந்தும். இருந்தும், ஒருவேளை நானேதான் ஓட்டினேனோ என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் உன் மாமி விதாத் செய்தியைப் படித்துவிட்டாள்.

"சுஹைலோட அப்பா, நான் பக்கத்துல இருந்தா ஆமை மாதிரி போவீங்க. நான் இல்லேன்னா பறக்கறீங்களா? யாரைப் பாக்க?"

மாப்பிள்ளையாகப் போகிறவனைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து அவள் என் காரில் ஏறுவதில்லை. மாதபாவில் இருக்கும் அக்காவைப் பார்க்க வெள்ளிதோறும் பஸ்ஸில் போகிறாள். நான் காரில் பின்னாலேயே போகிறேன், பஸ்ஸைப் பிடிக்க முடிவதில்லை. பக்கத்தில் குறைசொல்ல ஆளில்லாவிட்டால் அந்தச் சாலை எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது.

சென்ற வாரம் உன் வீட்டுக்கு வந்தது இதற்காகத்தான். நம் வழக்கப்படி காபியைத் தொடாமல் கீழே வைத்து, "நான் கேக்கறதுக்குச் சரின்னு சொன்னாத்தான் குடிப்பேன்" என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். "குடிங்க மாமா, ஆறிடப்போகுது" என்றாய். மறுத்தால் மரியாதையில்லையே என்று குடித்துவிட்டேன். குடித்தபின் எந்த முகத்தோடு கேட்பது? "இன்னொண்ணு ஊத்தட்டா?" என்றாய். அதையும் குடித்தேன்.

ஆகவே எழுத்தில் கேட்கிறேன். மாமிகிட்ட வந்து, ஓட்டினது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா.

உன் மணவாழ்வு நிதானமாக, நெடுந்தூரம் செல்லட்டும்.

உன் தாய்மாமன்,
தௌஃபீக்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை வாசலில் ஹார்ன் சத்தம். விதாத் என் காரின் முன்னிருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். "பஸ்ல ஒரே கூட்டம். வாங்க, அந்த நூத்தி முப்பத்தொண்ணை நானும் பாக்கறேன்." மாதபா போவதற்குள் எழுபத்தெட்டைத் தொட்டுவிட்டேன். ஒரு தக்காளி லாரியை முந்தினோம். அவள் கைதட்டினாள்.

மேலே எழுதியதை மறந்துவிடு. ஞாயிறன்று வருகிறேன். "ஓட்டினது நான்தான்னு யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று நீ வாக்குத் தரும்வரை கோப்பையைத் தொடமாட்டேன்.