ஆண்டவர் வண்டிக்கு ஒரு உறை

அன்னிக்கு ஆராதனை முடிஞ்சு வெளிய வரும்போது நம்ம உறைக்காரர் ஒரு பெரிய முடிவுக்கு வந்திருந்தாரு. இனிமே தனக்குன்னு எதுவும் சொந்தமில்ல. எல்லாம் ஆண்டவருது. தான் வெறும் உக்கிராணக்காரன், மொதலாளி சொத்தப் பாத்துக்கிற ஆளு.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஞானம் எப்பப் பொறந்துச்சுன்னா, நடக்க முடியாத பெரியவங்கள சபைக்குக் கூட்டிட்டு வர யாராவது கார் குடுப்பீங்களான்னு பாஸ்டர் கேட்டு, அவர் கண்ணு இவர் பக்கம் திரும்புன அதே நொடியில.

"குடுக்கலாம் பாஸ்டர். ஆனா வண்டி என்னுது இல்லியே. ஆண்டவருது. அடுத்தவர் பொருள நான் எப்படி இரவல் குடுக்கறது?"

பாஸ்டர் அடுத்த ஆளத் தேடித் திரும்பிட்டாரு. பக்கத்துல நின்ன மனைவி ஒண்ணும் சொல்லல. அவ பேசாம இருந்தா இவர் பயந்திருக்கணும். இவரு ஜெயிச்சுட்டோம்னு நெனச்சாரு.

சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைக்கிறதுதான் அவர் தொழில். தொழில் தலைக்கேறிடுச்சு. ரிமோட்டுக்கு உறை. மிக்சிக்கு உறை. கல்யாண போட்டோவுக்கும் உறை, மாமனார் வந்தா மட்டும் கழட்டுவாரு. கார் சீட்ல கம்பெனி போட்ட பிளாஸ்டிக்கையே இன்னும் உரிக்கல. அதுக்கு மேல, கூரையில இருந்து டயர் வரைக்கும் அவரே அளவெடுத்துத் தச்ச பெரிய உறை. மழை, வெயில், தூசி, இது மூணும் இல்லாத நாள்லதான் வண்டிய எடுப்பாரு. அப்படி ஒரு நாள் இன்னும் வரல.

அதனால சபைக்கு சைக்கிள்தான். காணிக்கைப் பை எடுக்கிற பொறுப்பு அவருக்கு, முதல் ஆளா போயிருவாரு. முடிஞ்சப்புறம் கமிட்டின்னு உக்காந்து கடைசி ஆளா வருவாரு. மனைவி பின்னால வந்து முன்னால போயிருவா. டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறவ அவ. நடந்தே வர்றதா இவரு நம்பிட்டிருந்தாரு.

கொஞ்ச மாசம் கழிச்சு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி துடைக்கலாம்னு உறையத் தூக்கினாரு. உள்ள தைல வாசனை. பின் சீட்ல ஒரு கைத்தடி.

"ஏம்மா, வண்டியில ஒரு கைத்தடி கெடக்கு."

"நம்ம சபை பெரியவரு, கணக்கு வாத்தியாரோடது. போன வாரத்துல இருந்து தேடிட்டிருக்காரு பாவம்."

"அவர் கைத்தடி நம்ம வண்டியில எப்படி வந்துச்சு?"

"அவரோடதான் வந்துச்சு. அப்புறம், நம்ம வண்டின்னு சொல்லாதீங்க. ஆண்டவர் வண்டி."

"சாவிய பீரோவுல உறை போட்டு வச்சிருந்தேனே."

"சாவிய எடுத்துட்டு உறைய அங்கயே வச்சுட்டேன். நீங்க தெனம் உறையத் தொட்டுப் பாத்துட்டு நிம்மதியா தூங்குனீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?"

"உக்கிராணக்காரர்கிட்ட என்னங்க கேக்கறது? முழங்கால் போட்டு மொதலாளிகிட்டயே கேட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நான் எது கேட்டாலும் நீங்களும்தான் ஒண்ணும் சொல்றதில்ல. அத சம்மதம்னு எடுத்துக்கிட்டுத்தான இத்தன வருஷம் குடும்பம் நடத்தறேன்."

அவகிட்ட இருந்து சாவிய வாங்கி, ராத்திரி முழுக்க தலகாணிக்கடியில வச்சுப் படுத்தாரு. காலையில சட்டைப் பையில போட்டுக்கிட்டு சைக்கிள மிதிச்சாரு. இன்னிக்கே பாஸ்டர்கிட்ட சொல்லிடணும், இந்தக் கூத்து முடிஞ்சுதுன்னு.

காணிக்கைப் பைய எடுத்து வச்சுட்டுத் திரும்பினா, முன் வரிசையில கணக்கு வாத்தியாரும் மூணு பெரியம்மாக்களும் வரிசையா உக்காந்திருக்காங்க. மனைவி விரல்ல இன்னொரு சாவி ஆடுது. வண்டி வாங்கும்போது ரெண்டு சாவி குடுத்தது இவருக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

வாயத் தொறக்கறதுக்குள்ள பாஸ்டர் மைக்கப் புடிச்சுட்டாரு. "நம்ம பிரதர் ஒருத்தர் இத்தன நாளா வெளிய மூச்சு விடாம தன் காரக் குடுத்திருக்காரு. அவருக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லுவோம்."

சபையே திரும்பிப் பாத்துக் கைதட்டுச்சு. வீட்டுல எல்லாத்துக்கும் உறை போட்டவரு, கைதட்டலுக்கு மட்டும் ஒரு உறை தச்சு வைக்கல. தானா எந்திரிச்சாரு. தானா மைக் பக்கம் போனாரு.

"இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? எல்லாம் ஆண்டவருது. இனிமே நானே ஓட்டறேன்."

சொன்னப்புறம்தான் என்ன சொன்னோம்னு அவருக்கே கேட்டுச்சு.

வாசல்ல கணக்கு வாத்தியார் அவர் கையப் புடிச்சாரு. "ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த பிளாஸ்டிக்க மட்டும் உரிச்சிருங்க. பிரேக் போட்டா நாலு பேரும் வழுக்கிக் கீழ வந்துர்றோம்."

மனைவி சைக்கிள எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. நாலு பேரையும் நாலு தெருவுல எறக்கி விட்டுட்டு, மடியில உரிச்ச பிளாஸ்டிக்க வச்சுக்கிட்டு உறைக்காரர் வீடு வந்து சேந்தாரு. கார் நிறுத்தற எடத்துல ஏற்கெனவே ஏதோ நின்னுட்டிருந்துச்சு. அவரே அளவெடுத்துத் தச்ச அந்தப் பெரிய உறை, நாலு சுத்து சுத்தி.

"சைக்கிளுங்க," மனைவி ஜன்னல் வழியா சொன்னா. "இனிமே உங்களுக்குத் தேவப்படாதுல்ல."