ஆறு பேர் சஹனில் ஓர் ஆள்

உப்புக்குளம்,
மன்னார்.

என் கண்மணி மகள் ஸில்மியாவுக்கு வாப்பா அபூசாலி சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும், படலையடியில் வந்து நிற்கும் கழுதையும். மெல்பனில் நீயும் மருமகனும் பிள்ளைகள் இருவரும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

"உம்மாவும் மவுத்தாகிட்டா, இனி அங்க தனிய இருந்து என்ன செய்யப்போறீங்க வாப்பா, எங்களோட வாங்கோ" என்று நீ போனில் அழுததற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் இடையில் புகுந்துவிடுவாய். பேரப்பிள்ளைகளோடு கதைக்க வேண்டுமென்று நான் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன் அல்லவா, அங்கே டினோஜா ரீச்சர் இரண்டு சொல் படிப்பித்தார். அலோன், லோன்லி. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அலோனாம். ஆள் இல்லையே என்று மனம் தேடினால் லோன்லியாம். சந்தைச் சனத்துக்குள் நின்றும் அப்படி இருக்கலாமாம். எனக்குப் பெரிய நிம்மதி. நான் முதலாவது சொல், மகள். பின்னேரங்களில் கடலோரம் குந்தியிருப்பேன், பூநாரைகள் தண்ணீரில் அசையாமல் நிற்கும், காற்று இடுப்புச் சாரத்தை ஊதிப் பெருப்பிக்கும், பாலத்தில் போகிற பஸ் யாருடைய கனவிலோ போவதுபோல் கேட்கும், கண் திறந்தால் மஃரிப் தொழுகை நேரம் ஆகியிருக்கும். ஒருவரையும் தேடியதில்லை.

இதற்குள் பக்கத்து வீட்டுக் கலந்தரின் மகளுக்குக் கலியாணம். நான் வேளைக்கே போய்ப் பாயில் ஒரு சஹன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் சேராமல் சோற்றில் கை வைப்பது நம் வழக்கமில்லையே. வந்தவர்களெல்லாம் தங்கள் தங்கள் கூட்டத்தோடு வேறு சஹன்களைச் சுற்றிக்கொண்டார்கள். சோற்றின் ஆவியில் எனக்குக் கண் சொக்கியது. நோன்பு காலத்தில் நம் வீட்டுச் சஹன், உம்மா கோழித்துண்டை என் பக்கம் தள்ள, நான் அதை உன் பக்கம் தள்ள... "அபூசாலி நானா, ஆருக்கு இறைச்சி ஒதுக்கிறீங்க?" என்று கலந்தர் கேட்டபோதுதான் பார்க்கிறேன், துண்டுகளையெல்லாம் என் கை எதிர்ப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறது. "மகளுக்கு" என்றேன். பந்தலே சிரித்தது, நானும் சிரித்தேன். கலந்தர் மட்டும் சிரிக்காமல், பெண்ணைப் பெற்றவன் வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு, என் முன்னால் இருந்து சாப்பிட்டான்.

இதை அலோனுக்கு உதாரணமாக வகுப்பில் சொன்னேன். "அங்கிள், அது மற்றச் சொல்" என்றார் ரீச்சர். சின்னப் பிள்ளை, அனுபவம் காணாது. ஆகவே முடிவாகச் சொல்கிறேன், நான் அலோன் மட்டும்தான். டிக்கெட் எடுக்காதே. நான் வந்தால் கழுதையை யார் பார்ப்பது?

மருமகனுக்குச் சலாம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் சோற்றிலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத் தரட்டும்.

இப்படிக்கு,
வாப்பா

பி.கு.: கழுதைக்குப் பழத்தோல் போடக் கலந்தர் சம்மதித்துவிட்டான். பாஸ்போட்டுக்குப் படமும் எடுத்தாயிற்று, சிரிக்கக்கூடாதாம், சிரமப்பட்டேன். நம் வீட்டுச் சஹனை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கித் தேய்த்து வைத்திருக்கிறேன், விமானத்தில் விடுவார்களா என்று மருமகனிடம் கேள். நீங்கள் நான்கு பேர், என்னோடு ஐந்து. ஆறாவது இடம் உம்மாவுக்கு. அதில் ஒருவரையும் இருத்தாதே, அந்தப் பக்கத்துக்கு இறைச்சியை நான் தள்ளிக்கொள்கிறேன்.