புதுப் பசையில் செய்த நாற்காலி

குமாசி,
புதன்கிழமை.

நம் ஊரின் அரசித்தாயும் என் பெரியம்மாவுமாகிய தங்கள் பாதங்களை, அன்று மண்ணில் படாமல் மயிரிழையில் தப்பிய அதே பாதங்களை, அச்சியா வணங்கி எழுதுவது. இடுப்பு வலி குறைந்திருக்க வேண்டுமென்று இரண்டு கோயில்களில் வேண்டியிருக்கிறேன். தங்களிடம் நேராகப் பேசுவது முறையல்ல. தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பது அதைவிடக் கேவலம். ஆகவே தங்கள் வாயாக நின்று பேசும் கோல்காரர் அட்டகோரா இதைப் படித்துச் சொல்லட்டும். காலையிலேயே வண்டியேற்றி அனுப்பிய நாற்காலியில் தாங்கள் நன்றாகச் சாய்ந்து அமர்ந்து கேட்க வேண்டும். தச்சர் டொன்கோர் செய்தது. நான் திங்கட்கிழமை என் கையாலேயே காய்ச்சிய புதுப் பசையில் ஒட்டியது.

விஷயமும் டொன்கோரைப் பற்றியதுதான். ஒபிரி மாமாவின் இறுதிச் சடங்கில் தங்கள் மேடை பிரிந்ததற்கு அவரே காரணமென்றும், இனி அவர் ஊரில் உளியைத் தொடக்கூடாதென்றும் ஞாயிற்றுக்கிழமை அவையில் விதிக்கப்போகிறார்களாம். பெரியம்மா, குற்றம் அவருடையதல்ல. பசை என்னுடையது.

மாமா இறந்த வாரமே மேடைக்கென்று, நான் வேலைபார்க்கும் ஒட்டுப்பலகை ஆலையிலிருந்து ஒரு பீப்பாய் பசை கொண்டுவந்தேன். டொன்கோர் ஆணிப் பொட்டலத்தை எடுத்தபோது, "அரசித்தாய் உக்கார்ற எடத்துல ஆணியா? என் பசை போதும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னதும் நான்தான். பிறகு நம் குடும்ப வழக்கப்படி சடங்கு தள்ளிப்போனது. ஹாம்பர்க்கில் இருக்கும் மாமாவின் மகனுக்கு விடுப்பு இல்லை. அவன் வந்தபோது வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை. வெள்ளையடித்ததும், நாம் குறித்த அதே சனிக்கிழமையில் பக்கத்துக் குலத்தார் ஒரு சாவை வைத்துக்கொண்டார்கள். மாமா பிணவறைக் குளிரில் நிம்மதியாகக் காத்திருந்தார். பசை மட்டும் கொல்லையில் தகரத்துக்கு அடியில், பிப்ரவரி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. யூரியாவையும் ஃபார்மலினையும் சேர்த்துக் காய்ச்சும் பசை சும்மா இருக்காது, பெரியம்மா. புதிதில் அது சின்னச் சின்னத் துணுக்குகள். ஒவ்வொன்றுக்கும் நீட்டிய கை உண்டு. அந்தக் கைதான் மரத்தைப் பிடிக்கும். நாளாக ஆக அவை தமக்குள்ளேயே கைகோத்து, கிளைவிட்டு, வலையாகப் பின்னிக்கொள்ளும். சொத்துப் பேச்சு வந்ததும் நம் குடும்பம் ஒன்று சேருமே, அப்படி. அதன்பிறகு வெளியாளைப் பிடிக்க ஒரு கையும் மிச்சமிராது. மூக்கை எரிக்கும் நெடி குறையும், நிறம் பாலாக வெளுக்கும், குழம்பு கூழாகும். கல்லூரியில் இதைத்தான் படித்தேன்; ஆலையில் தினமும் மற்றவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

மேடை கட்டும் அன்று பீப்பாயைத் திறந்தால் கூழ். டொன்கோர் சந்தோஷப்பட்டார். "கெட்டியா இருக்கு மேடம், இன்னும் நல்லா புடிக்கும்!" அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் சித்திமார்கள். "என்னடி அச்சியா, ஒட்டப்போறியா, இல்ல கெழங்கு மாவு மாதிரி உருண்டை புடிச்சு சூப்புல போடப்போறியா?" என்றாள் ஒருத்தி. ரோஷத்தில் சுடுதண்ணீரை ஊற்றிக் கலக்கினேன். முதிர்ந்த பசை தண்ணீரை ஏற்காது. திரிந்த பால்போலக் கட்டி வேறு நீர் வேறாகப் பிரிவதைப் பார்த்துக்கொண்டே, "ம், பூசுங்க" என்றேன்.

மீதியைத் தாங்களே அறிவீர்கள். முரசு முழங்கியது, தாங்கள் ஆட எழுந்தீர்கள், பலகைகள் வெங்காயத் தோல்போல உரிந்தன. செருப்பு பறந்தது. அரசித்தாயின் வெறுங்கால் மண்ணில் பட்டால் ஊருக்கு ஆகாது என்பதால் அட்டகோரா கோலை எறிந்துவிட்டுக் குப்புற விழுந்து, தங்கள் பாதத்துக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார். "யார் கட்டினது இத?" என்று பெரியவர்கள் கத்தியபோது எல்லோரும் டொன்கோரைப் பார்த்தார்கள். டொன்கோர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன், மழை வருமா என்று. அவர் அப்போதும் என் பெயரைச் சொல்லவில்லை.

ஆகவே பரிகார ஆட்டை நானே கொண்டுவருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவை நடுவில் நின்று நானே சொல்கிறேன். அதுவரை டொன்கோரை ஒன்றும் செய்ய வேண்டாம். அவர் வேலைக்கும் என் புதுப் பசைக்கும் தாங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியே சாட்சி. நம் முன்னோர் தங்களுக்கு நீண்ட ஆயுளும் உறுதியான ஆசனமும் அருளட்டும்.

தலைநிமிர முடியாத தங்கள் தங்கை மகள்,
அச்சியா

பின்குறிப்பு: இக்கடிதத்தை எடுத்துவர டொன்கோர் வந்திருக்கிறார். "நாற்காலி நல்லா ஒட்டிச்சா?" என்று கேட்டேன். "பிரமாதம் மேடம்! பழைய பீப்பாய்ல மிச்சம் கெடந்துச்சு. வீணாக்குவானேன்னு நீங்க செஞ்ச மாதிரியே சுடுதண்ணி ஊத்திக் கலக்கிட்டேன். உங்க புதுப் பசைய தகரத்துக்குக் கீழ பத்திரமா வெச்சிருக்கேன், அடுத்த பெரிய சாவுக்கு." கோல்காரரின் போன் அணைந்து கிடக்கிறது. பெரியம்மா, அமர வேண்டாம். அமர்ந்துவிட்டிருந்தால் அசைய வேண்டாம். அட்டகோரா ஐயா, கடிதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.