ஹெண்டர்சனுக்கு ஆயுத பூஜை

"இதுல யாரு கை வெச்சது?"

கராஜ் வாசலில் நின்று பார்த்தசாரதி போட்ட சத்தத்துக்கு, சிட்னியின் கெல்லிவில்லில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். நல்ல வேளை, பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான். வேற யாரு வெப்பா?" என்றாள் வேதவல்லி. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். கையில் சந்தனக் கிண்ணம். "இன்னைக்கு ஆயுத பூஜைங்க. கார் ரெண்டையும் கழுவியாச்சு, புல் வெட்டுற மெஷினைக்கூடக் கழுவியாச்சு. இது மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோட நிக்கலாமா? அந்தப் பித்தளையை எல்லாம் புளி போட்டுத் தேய்ச்சேன். தங்கமாட்டம் வந்திருச்சு பாருங்க."

பார்த்தசாரதி பார்த்தார். நூறு வயதான ஹெண்டர்சன் என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள், கல்யாணப் பெண் போல நின்றது. நீல டேங்க் பளபளத்தது. முகப்பு விளக்கில் சந்தனம், குங்குமம். இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்கு நெஞ்சு விம்மியது. கோயம்புத்தூர் கல்லூரி நூலகத்தில், இருபது வயதில், ஒரு தடிப் புத்தகத்தில் பார்த்த படம் இப்படித்தான் இருந்தது. நான்கு சிலிண்டர்கள், முன்னும் பின்னுமாக ஒரே வரிசையில். படத்தைப் பார்த்து முடித்தபோது மெஸ்ஸில் சாப்பாடு முடிந்திருந்தது. அன்று பட்டினி கிடந்தவர், அதற்கப்புறம் அந்த வண்டியை நினைக்காமல் இருந்ததில்லை.

அந்த வண்டியின் கதையை அவரிடம் கேட்காதவர் சிட்னித் தமிழர்களில் குறைவு. கேட்டு முடித்தவர் அதைவிடக் குறைவு. டெட்ராய்ட்டில் அண்ணன் தம்பி இருவர் தொடங்கியது, சைக்கிள் கம்பெனிக்காரர் ஒருவருக்கு விற்றது, தம்பி கோபித்துக்கொண்டு வெளியேறி வேறொரு வண்டி செய்தது, அதை ஓட்டிப் பார்க்கும்போதே விபத்தில் இறந்தது என்று அவர் ஆரம்பித்தால், பிறந்த நாள் விருந்தில் கேக் வெட்டுமுன்பே ஆட்கள் கழன்றுகொள்வார்கள். தம்பி சாகும் இடத்தில் பார்த்தசாரதியின் குரல் தழுதழுக்கும்.

இப்போது கராஜில் நிற்பது அவருடையது இல்லை. பென்ரித் பக்கம் தனியாக வசிக்கும் ஜாய்ஸ் என்ற மூதாட்டியுடையது. கணவர் ரான் காலமான பின் விற்க நினைத்தார். பார்த்தசாரதி போய்க் கெஞ்சியபோது, "விலையை அப்புறம் பேசலாம். பத்து நாள் உன் வீட்டில் வைத்துக்கொள். அதற்கப்புறம் உனக்கா இல்லையா என்று சொல்கிறேன்" என்றுவிட்டார். வண்டியை லாரியில் கொண்டு வந்து இறக்கியது கஜீவன் என்ற யாழ்ப்பாணத்துப் பையன்.

வண்டி வந்த நாளிலிருந்து பார்த்தசாரதி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். விரலால்கூடத் தொடவில்லை. பழைய வண்டி சேகரிப்பவர்களின் வேதம் அது: பழைய அழுக்குதான் பழைய வண்டியின் கௌரவம். துடைத்தவன் பாவி.

"பாட்டி நாளைக்கு வர்றாங்க வேதா! நீ தொடைச்சது நூறு வருஷத்து அழுக்கு!"

"நூறு வருஷமா யாரும் தொடைக்கலையா? ஐயோ பாவம்," என்றாள் வேதவல்லி. அவள் பரிதாபப்பட்டது வண்டிக்காக.

மறுநாள் காலை அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். முதலில் வாக்யூம் கிளீனர் பையைக் கவிழ்த்துத் தூசியைத் தூவினார். தூசி நிற்காமல் வழுக்கி விழுந்தது. பிடிப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவினார். வண்டி முன்னைவிட மினுங்கியது. மினுக்கத்தை அடக்கத் தேயிலைச் சாயம் காய்ச்சி ஊற்றினார். டேங்க் முழுவதும் வரிக்குதிரை போலக் கோடு விழுந்தது. கோட்டை மறைக்க, ரோஜாச் செடிக்கு வாங்கி வைத்திருந்த மண்ணைக் குழைத்துப் பூசினார். அது வெறும் மண் இல்லை, ஆட்டு எரு கலந்தது என்பது ஈக்கள் வந்த பிறகுதான் தெரிந்தது.

மகள் தேஜஸ்வினி எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். "டாட், இட் ஸ்மெல்ஸ் லைக் எ ஃபார்ம்."

"உள்ள போ."

கடைசியாகப் பழைய எஞ்சின் ஆயிலை எடுத்து எஞ்சினிலும் டேங்கிலும் தடவினார். முந்தின நாள் சாயங்காலம் பளிச்சென்று தெரிந்த அந்த நீலம், அவர் கையாலேயே மறைந்துகொண்டிருந்தது. தாலி கட்டிய கையோடு மணப்பெண் முகத்தில் கரி பூசுவது போலிருந்தது. ஆனாலும் பூசினார். இது கிடைக்காவிட்டால் இந்த ஜென்மத்தில் இனி இல்லை.

மத்தியானம் லாரி வந்தது. கஜீவன் கதவைத் திறந்து கைகொடுக்க, ஜாய்ஸ் மெல்ல இறங்கினார். தடியை ஊன்றிக் கராஜுக்குள் வந்தார். ஈயை விரட்டியபடி வண்டியைச் சுற்றி வந்தார். டேங்கில் விரலை வைத்து இழுத்து, விரல் நுனியைப் பார்த்தார்.

"நான் கொடுத்த மாதிரியே இருக்கிறது," என்றார்.

பார்த்தசாரதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஒரு துணிகூடப் படவில்லை. சத்தியமாக!"

"இல்லைங்க, நான்தான் நேத்து..." என்று வேதவல்லி வாயைத் திறந்தாள். அவர் அவள் காலை மிதித்தார்.

"காப்பி போடு வேதா. பாட்டிக்குக் காப்பி."

ஜாய்ஸ் காப்பி வேண்டாம் என்றார். விரலில் இருந்த கறுப்பைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு பார்த்தசாரதியின் கன்னத்தில் தட்டினார்.

"நீ நல்ல மனிதன். ஆனால் இது இன்னும் கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு லாரியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கஜீவன் வண்டியை மேலே ஏற்றி, வாரை இழுத்துக் கட்ட ஆரம்பித்தான். முப்பது வருட ஆசை கண்ணெதிரே கட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. பார்த்தசாரதிக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை.

"தம்பி, நான் என்ன தப்புப் பண்ணேன்? இதைவிடப் பத்திரமா யாரு வெச்சிருப்பா? தொடக்கூட இல்லையே!"

கஜீவன் லாரியின் முன்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அதுதான் அண்ணை பிழை. இது ஏழாவது வீடு. அவவின்ர மனுசன் ஒவ்வொரு ஞாயிறும் கழுவித் துடைச்ச வண்டியாம். ஆராவது ஒருத்தர் கேளாமலே கழுவி நிப்பாட்டினால், காசு வாங்காமலே குடுத்திட்டுப் போறன் எண்டுதான் மனுசி வீடு வீடாய்க் கொண்டு திரியிறா."