பச்சைப் பட்டு போர்த்திய மேசை

சிங்கப்பூரில் எதையும் கட்டி முடித்து நான் பார்த்ததில்லை. தேக்காவில் பிறந்து வளர்ந்தவள் நான். காலையில் நடந்து போன வழியில் மாலையில் தகரத் தடுப்பு நிற்கும். பஸ் ஸ்டாப் இந்த வாரம் கோயில் பக்கம், அடுத்த வாரம் எங்கேயோ. ரயில் பாதைக்கு என்று தோண்டினார்கள், மூடினார்கள், உள்ளே சாவியை மறந்துவிட்ட மாதிரி மறுபடியும் தோண்டினார்கள். (போனில் யாராவது "அங்க என்ன சத்தம்?" என்றால், "எந்தச் சத்தம்?" என்று கேட்கும் அளவுக்கு நாங்கள் பழகிவிட்டோம்.)

இத்தனையும் பொறுத்துக்கொண்ட எனக்கு, பழைய கழிவறைகளை இடித்துப் புதிதாகக் கட்டித்தரும் மேம்பாட்டுத் திட்டம் எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்கு வந்தபோது புத்தி கெட்டுப்போனது. வேண்டுமா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு ஓட்டுக் கேட்டார்கள். "யெஸ் போடுங்க ஆன்ட்டி, யெஸ் போடுங்க அங்கிள்" என்று மாடி மாடியாக ஏறிக் கெஞ்சினேன். தேர்தலில் நிற்பவர்கள்கூட இப்படிக் கெஞ்சியிருக்க மாட்டார்கள்.

எல்லாம் கதிருக்காகத்தான். கல்யாணம் செய்துகொள்வதென்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். செம்பவாங்கில் இருந்த அவன் அம்மா மட்டும் இன்னும் சரி சொல்லவில்லை. வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார்.

"ஒரு விஷயம் வாணி," என்றான் கதிர். "யார் வீட்டுக்குப் போனாலும் அம்மா டாய்லெட்டத்தான் பாப்பாங்க. அது நல்லா இருந்தா குடும்பமே நல்ல குடும்பம்."

எங்கள் கழிவறையோ நான் பிறப்பதற்கு முன்பே மஞ்சளாகிப் போனது. அதைக் காட்டினால் காலத்துக்கும் கன்னிதான். "பத்தே நாள்தான்க்கா, பளபளன்னு ஆயிடும்," என்றார் மேஸ்திரி. அவர் பேச்சை நம்பி, வளர்பிறை வெள்ளிக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது, டைல்ஸ் வரவில்லை. கழிவறை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் திரையும் அதற்குப் பின்னால் ஒரு பள்ளமும் இருந்தன. போதாக்குறைக்கு லிஃப்டையும் மாற்றப் போகிறோம் என்று அதே வாரம் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீடு ஆறாவது மாடி.

"தேதிய மாத்திடலாமா?" என்று கதிரைக் கேட்டேன்.

"ஏற்கெனவே ரெண்டு தடவ மாத்தியாச்சு. இன்னொரு தடவ மாத்துனா அம்மா பொண்ணையே மாத்திடுவாங்க."

வேலை முடியும்வரை சமாளிக்க வீட்டுக்கொரு பிளாஸ்டிக் கழிவறைப் பெட்டி கொடுத்திருந்தார்கள். மூடி போட்டது, ஸ்டூல் உயரம். நாங்கள் அதைத் தொடவே இல்லை. கீழ்த்தளத்தில் சுவரில்லாத பொது இடமான வாய்ட் டெக்கில் வைத்திருந்த தற்காலிகக் கழிவறைக்குத்தான் போய்வந்தோம். ஆனால் பெட்டியை எங்கே ஒளிப்பது? அறைகளில் தட்டுமுட்டுச் சாமான்கள், சமையலறையில் சிமெண்ட் மூட்டைகள். கூடத்து மூலையில் வைத்து, அம்மாவின் பச்சைப் பட்டுத்துணியைப் போர்த்தி, மேலே ரோஜாப்பூ ஜாடியை வைத்தேன். அடடா, என்ன அழகான மேசை! எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

கதிரோடு அவன் அம்மா ஆறு மாடி ஏறி வியர்வையில் குளித்துப்போய் வந்தார். உட்கார்ந்ததும் மூன்று கிளாஸ் பார்லித் தண்ணீர் குடித்தார். (ஊற்றிக் கொடுத்த மகராசி நானேதான்.) மேல் வீட்டில் டிரில் ஓடிக்கொண்டே இருந்ததால் நலம் விசாரிப்பதைக்கூடக் கத்தித்தான் விசாரித்தோம்.

அப்போதுதான் அப்பா வேலையிலிருந்து வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, "வாங்க வாங்க" என்று வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமச்சிமிழ் வைத்த தாம்பூலத் தட்டோடு இடம் தேடினார். நேராக மூலைக்குப் போய், ஜாடியை நகர்த்திவிட்டு, தட்டை அதன்மேல் வைத்தார். பெட்டியை நான் அங்கே ஒளித்து வைத்தது அவருக்குத் தெரியாது. நான் கண்ணைக் காட்டினேன், புருவத்தை உயர்த்தினேன், தலையை ஆட்டினேன்.

"என்னம்மா, கண்ல தூசி விழுந்துடுச்சா?" என்றார் அப்பா.

"மேசை லட்சணமா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று கதிரின் அம்மா கேட்டார். என் அம்மாவுக்குப் புரையேறியது. அடுத்து கதிரின் அம்மா ஏதோ கேட்க வாயெடுக்க, டிரில் அலறியது. அவரும் விடாமல் குரலை உயர்த்த, சனியன் பிடித்த டிரில் அந்த நேரம் பார்த்து நின்றது.

"டாய்லெட் எங்க இருக்கு?" பிளாக் முழுக்கக் கேட்டிருக்கும்.

"கீழ இருக்கு ஆன்ட்டி. வாய்ட் டெக்ல."

"ஆறு மாடி எறங்கி ஏறணுமா? பக்கத்து வீட்ல கேளேன்மா."

"அவங்களோடதையும் இடிச்சாச்சு ஆன்ட்டி."

அவர் முகத்தில் இப்போது சுத்தமும் இல்லை, கௌரவமும் இல்லை, அவசரம் மட்டும்தான் இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்துபோய் தாம்பூலத் தட்டை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன். ஜாடியைக் கீழே வைத்து, துணியை உருவி, மூடியைத் திறந்தேன்.

"புதுசு ஆன்ட்டி. சத்தியமா ஒருத்தரும் உக்காந்ததில்ல."

அப்பா தட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

"எல்லாரும் வெளிய போங்க," என்றார் கதிரின் அம்மா.

பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாக இரண்டு குடும்பமும் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றோம். அப்பா தட்டைக் கீழே வைக்கவே பயந்து கையிலேயே பிடித்திருந்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார ஆன்ட்டி கதவைத் திறந்து, யாருக்குக் கல்யாணம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். கதிர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவனும் அழுகிறான் என்று பார்த்தால், தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறான், பாவி!

கதவு திறந்தது. பெட்டிமேல் பட்டுத்துணி பழையபடி போர்த்தப்பட்டு, ஜாடி நடுவில் இருந்தது. கதிரின் அம்மா கைகழுவித் துடைத்துக்கொண்டே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புதுசுதான். பொண்ணு பொய் சொல்லல," என்றவர் அப்பா பக்கம் திரும்பினார். "வேற தட்டுல வெத்தல பாக்கு வைங்க சம்பந்தி. நல்ல நேரம் போறதுக்குள்ள மாத்திக்கலாம்."

கல்யாணத்தன்று மணமேடையில், தாலித் தட்டை வைக்கும் முன் என் மாமியார் அங்கிருந்த மேசை விரிப்பைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். சபையே பார்த்தது. அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் துணி போர்த்திய எதன்மேலும் தூக்கிப் பார்க்காமல் யாரும் ஒரு டம்ளர்கூட வைப்பதில்லை.

போன வாரம் செம்பவாங்கிலிருந்து மாமியார் போன் செய்தார். பின்னால் டிரில் சத்தம்.

"வாணி, இங்கயும் இடிச்சுட்டானுங்க! வெள்ளிக்கிழம கதிர் தங்கச்சியப் பொண்ணு பாக்க வராங்க. அந்தப் பச்சைப் பட்டுத்துணிய எடுத்துக்கிட்டு சீக்கிரம் வாம்மா!"